பின் பம்பரும் முழுவியளமும்

கமலாம்பிகைக்குச் சொந்தக்காரர் எல்லாருடைய வண்டிகளின் பின்பக்கமும் நன்றாகத் தெரியும். யாருடைய காரில் இடதுபக்கச் சிவப்பு விளக்கு எரிவதில்லை, யாருடைய வான் வண்டியில் பிள்ளைகள் ஒட்டிய படம் பாதி உரிந்து கிடக்கிறது, யார் பின்னால் இடித்துவிட்டு மனைவிக்குச் சொல்லாமல் இருக்கிறார், எல்லாம் சொல்லுவாள். முன்பக்கத்தைப் பற்றிக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பாள்.

காரணம் பெரிய இரகசியம் இல்லை. அவள் புருசனை இழந்தவள். யாராவது ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முழுவியளத்துக்கு, அதாவது புறப்படும்போது பார்க்கிற சகுனத்துக்கு, எதிரே வந்துவிடக் கூடாது என்று தானாகவே வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். போகிறவர்களுக்கு எதிரே சுமங்கலி வந்தால் நல்லது, இவளைப் போன்றவள் வந்தால் கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கப்பலேறி, விமானமேறி, அகதிக் கோரிக்கை கொடுத்து, குடியுரிமை எடுத்து வந்த சனம் சட்டி பானையைக்கூட விட்டுவிட்டு வந்தது. இதை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்துவிட்டது.

அப்படி நில் என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த அவள் புருசன் அப்படியே சரிந்து போன அந்தக் கிழமையில், தம்பி சண்முகலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னான்.

"அக்கா, இது கனடா. இஞ்ச உதெல்லாம் ஒருத்தரும் பாக்கிறேல்லை. நீங்கள் என்ரை வீட்டில முந்தி மாதிரித்தான்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பதினொரு வருடத்தைக் கடந்தாள். பிள்ளைகள் இல்லை. ஸ்காபரோவில் தம்பி வீட்டு பேஸ்மென்றில் அவளுக்கு ஓர் அறை. பகலில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. தம்பி சொன்னதை அவள் முழுக்க நம்பினாள். நம்பிக்கொண்டே, யார் வெளிக்கிட்டாலும் பின்னால் போய் நின்றாள். பார்க்க மாட்டார்கள்தான், ஆனாலும் நாங்களாக விலகி நடந்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லையே என்பது அவள் கணக்கு. வீட்டாரும் ஏன் அங்கே போய் நிற்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோசம் சைக்கிள். பழைய சாமான் கடையில் வாங்கிய ஊதா நிறப் பெண்கள் சைக்கிள், முன்னால் கூடை. வேலை முடிந்து வந்து, பெரிய மின்கம்பங்களுக்குக் கீழே நீளமாகப் போகும் பாதையில் ஏறினாளென்றால் இருட்டும் மட்டும் இறங்க மாட்டாள். கோயிலில் கண்ட பெண்கள் "இந்த வயசில சைக்கிளோ?" என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று விட்டுவிட்டாள். சைக்கிளில் போகும்போது அவள் யாருக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை. காற்று முகத்தில்தான் அடித்தது.

இப்படியிருக்கையில் சண்முகலிங்கத்துக்கு மோட்டார்ஹோம் ஆசை பிடித்தது. ஆசை வெட்கம் அறியாது, விலையும் அறியாது. இரண்டு தெரு தள்ளியிருந்த மரியோ என்ற இத்தாலியக் கிழவரிடம் எண்பதுகளில் செய்த ஒன்று நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை, கக்கூஸ் எல்லாம் உண்டு. மரியோ ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்து, பின்பக்கம் நின்று, "இந்தப் பம்பர் கழிவுக் குழாயைச் சுருட்டி வைக்கிற வெறும் பெட்டிதான், இதில் பாரம் ஏற்றாதே" என்றார். சண்முகலிங்கம் அவர் சொன்னவற்றில் தனக்குப் பிடித்ததை மட்டும் காதில் விட்டுக்கொண்டான். மற்றதெல்லாம் விற்கிறவனின் அலட்டல் என்று போட்டான்.

முதல் பயணம் அல்கொங்குயின் காட்டுக்கு. சைக்கிள் ஓடுவதென்று முடிவு. சண்முகலிங்கத்துக்கும் அவன் மனைவி மனோரஞ்சிதத்துக்கும் ஆளுக்கொரு பற்றரிச் சைக்கிள். ஒவ்வொன்றும் தூக்கினால் இடுப்பு முறிகிற கனம். மகள் நிலாணிக்கு ஒன்று. நாலாவது கமலாம்பிகையின் ஊதாச் சைக்கிள். காருக்கென்று விற்கிற சைக்கிள் தாங்கி ராக் ஒன்றை வாங்கி வந்து, அந்த வெறும் பெட்டிப் பம்பரிலே போல்ற் போட்டு இறுக்கி, நாலையும் வரிசையாக ஏற்றினான். கட்டுவதில் அவனை வெல்ல ஆளில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாடாவுக்கு மேல் நாடா, முடிச்சுக்கு மேல் முடிச்சு. கடைசியில் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கு. இனி அல்கொங்குயின்ல போய்த்தான் அவிழ்க்கலாம்."

"அப்பா, இந்த பைக் ராக் காருக்குத்தானே? மோட்டார்ஹோமுக்கு ஓகேயா?" என்று நிலாணி கேட்டாள்.

"நீ போய் உன்ரை பாக்கை எடு."

வெளிக்கிடும் நேரம் வந்தது. மனோரஞ்சிதம் தட்டில் கற்பூரமும் தேங்காயும் கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். ரயர்களுக்குக் கீழே தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான், வைத்தாயிற்று. தேசிக்காய் நசிந்ததும் வண்டி கொஞ்சம் முன்னே போய் நிற்கும், பெண்கள் ஏறிக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. கமலாம்பிகை வழக்கம்போல வண்டிக்கும் கராஜ் கதவுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய் நின்றாள். ஊதாச் சைக்கிள் கடைசியில், அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதன் கூடையைத் தடவிக் கொடுத்தாள்.

சண்முகலிங்கம் எஞ்சினைத் திருகினான். கிழட்டு வண்டி ஒருமுறை குலுங்கி, பிறகு நின்ற இடத்திலேயே நடுங்கத் தொடங்கியது. நாலு சைக்கிள்களும் ஒன்றாக மேலும் கீழும் தலையாட்டின. கட்டுகள் அசையவில்லை. பிறகு எது அசைகிறது என்று குனிந்து பார்த்தாள். பம்பர் வண்டியின் சட்டத்தோடு ஒட்டியிருந்த இடத்தில், துருவுக்கு நடுவே, மயிர்போல ஒரு வெடிப்பு. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அது விரிந்து மூடியது. உள்ளே புதிய இரும்பின் வெள்ளை நிறம் தெரிந்தது.

நின்ற இடத்திலேயே இப்படியென்றால் 401 நெடுஞ்சாலையில் என்ன நடக்கும்? நாலு சைக்கிளும் இரும்பும் ஒரே பொட்டலமாகப் பின்னால் வருகிறவனின் கண்ணாடியில் போய் விழும். பின்னால் யார் வருவார்கள்? வேலைக்குப் போகிற ஒரு பெண் வரலாம். பின்சீற்றில் பிள்ளை இருக்கலாம்.

"தம்பி! நிப்பாட்டு!" என்று கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. பின்சுவரில் இரண்டு கையாலும் அடித்தாள். முன்னே தேங்காய் உடைபட்ட சத்தம் கேட்டது. ஓரத்தால் ஓடிப்போய் சாரதிப் பக்கக் கதவில் தட்டினாள். கண்ணாடி மூடியிருந்தது, உள்ளே பக்திப்பாட்டு முழுச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. சண்முகலிங்கத்தின் கண், வண்டிக்கு முன்னால் நின்ற மனைவியின் கையில் இருந்தது. மனோரஞ்சிதம் ஒதுங்கிக் கை காட்டினாள். சில்லு உருளத் தொடங்கியது.

கமலாம்பிகை வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

யோசித்துச் செய்ததல்ல. யோசித்திருந்தால் அவளால் முடிந்திருக்காது. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மனோரஞ்சிதத்தின் முகம் செத்துப் போயிற்று. பிரேக் கிறீச்சிட்டது.

சண்முகலிங்கம் குதித்து இறங்கினான். "என்னக்கா இது! தேசிக்காயில ஏறுற நேரத்தில!"

"பின்னால வெடிச்சிருக்கு தம்பி. பம்பர் கழருது."

"அதைப் பின்னால நிண்டு சொல்லுறது! முன்னால வந்து நிக்கிறதே?"

"கூப்பிட்டனான். கதவிலயும் தட்டினன். உனக்குக் கேக்கேல்லை."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். வாங்கோ, காட்டுறன்," என்று பின்னால் போனான். சைக்கிளைப் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. "பாருங்கோ!" என்றான். அக்காவுக்கு நன்றாக விளங்கட்டும் என்று பம்பரின் ஓரத்தில் ஒரு காலை வைத்து ஏறி, ஒரு துள்ளுத் துள்ளினான்.

டக் என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் முறுகிக்கொண்டு பின்தொடர்ந்தது. சண்முகலிங்கம் பின்னுக்குப் பாய்ந்ததால் கால் தப்பியது. பம்பர், ராக், நாலு சைக்கிள், எல்லாம் ஒன்றாகச் சீமெந்துத் தரையில் மோதின. அவன் போட்ட முடிச்சில் ஒன்றுகூட அவிழவில்லை. பெட்டிப் பம்பரின் வாய்க்குள்ளிருந்து மரியோவின் பழைய கழிவுக் குழாய் மெல்ல வெளியே வந்து விழுந்தது. ஊதாச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதன் இரண்டு சில்லும் நெளிந்து போயின.

"ஓ மை கோட்," என்றாள் நிலாணி. "மாமி, இது ஃபோர்-ஓ-வன்ல விழுந்திருந்தா? ஆராவது செத்திருப்பினம்."

சண்முகலிங்கம் வியர்வையைத் துடைத்தான். அவன் தன் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கமலாம்பிகை கண்டாள். பாவமாக இருந்தது.

பிறகு வேலை மும்முரமாக நடந்தது. பற்றரிகளைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார்கள். முன்சில்லுகளைக் கழற்றி, பழைய போர்வைகளை விரித்து, மூன்று சைக்கிள்களையும் வண்டிக்குள்ளே மேசைக்கும் கட்டிலுக்கும் இடையில் படுக்க வைத்தார்கள். சடாரென்று பிரேக் பிடித்தால் பறந்து வந்து ஆளின் பிடரியில் அடிக்காதபடி, நிலத்தில் ஆணியடித்திருந்த மேசைக்காலோடும் கட்டில் சட்டத்தோடும் நாடா போட்டு இழுத்துக் கட்டினான் சண்முகலிங்கம். இந்தமுறை சட்டத்தை முதலில் காலால் உதைத்துப் பார்த்தான். ஊதாச் சைக்கிள் கராஜுக்குள் போனது.

"அக்கா, நீங்கள் அங்க என்ரையை ஓடுங்கோ," என்றான். நல்ல வேலை செய்தீர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அதற்குப் பதிலாக இது வந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள். மனம் கொஞ்சம் குளிர்ந்தது.

அப்போது மனோரஞ்சிதம் புதுத் தேங்காயோடு வந்தாள். அவள் கெட்டவள் அல்ல. கமலாம்பிகைக்குக் காய்ச்சல் வந்தால் பேஸ்மென்றுக்குக் கஞ்சி கொண்டு வருகிறவள். சோறு இறக்கிவிட்டீர்களா என்று கேட்கும் அதே குரலில் சொன்னாள்.

"மச்சாள், நீங்கள் ஒருக்கா வீட்டுக்குள்ள போய் நில்லுங்கோவன். திருப்பித் தேங்காய் உடைச்சுப்போட்டு ஹோன் அடிக்கச் சொல்லுறன், அப்ப வாங்கோ. தூரப் பயணம்தானே."

கமலாம்பிகை தம்பியைப் பார்த்தாள். அவனுக்குக் கேட்டது. கேட்டதென்று அவன் கழுத்து சொன்னது. அவன் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய நாடாவை மறுபடி இறுக்கத் தொடங்கினான். "இது கனடா" என்பான் என்று அவள் காத்து நின்றாள். மனோரஞ்சிதமும் காத்து நின்றாள், இவள் போகட்டும் என்று. நாடா இதற்குமேல் இறுகாது என்ற பிறகும் அவன் நிமிரவில்லை.

அவள் உள்ளே போனாள். சப்பாத்துகள் கிடக்கும் இடத்தில், கதவுக்குப் பின்னால் நின்றாள். பதினொரு வருடமாகத் தானாக விலகி நின்றதாக நினைத்திருந்தாள். தான் கொடுத்த மரியாதை என்று நினைத்திருந்தாள். விலகி நில் என்று அவர்கள் சொல்லாமல் இருந்தது, சொல்லத் தேவைப்படாததால்தான் என்பது இப்போதுதான் விளங்கியது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. உயிரைக் காப்பாற்றியவளை ஒளித்து வைத்துவிட்டுத்தானா கடவுளைக் கும்பிடுகிறார்கள்?

வெளியே தேங்காய் உடைந்தது. வண்டி கொஞ்சம் உருண்டு நின்றது. ஹோன் அடித்தது.

வாசல் வண்டிக்கு இடதுபக்கம், ஏறும் கதவு வலதுபக்கம். பின்னால் சுற்றிப் போவதுதான் கிட்ட. கமலாம்பிகை முன்னால் நடந்தாள். அவசரப்படவில்லை. உடைந்த தேங்காய்ச் சில்லுகளைக் கடந்து, கண்ணாடிக்கு நேரே, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தாள். உள்ளே மனோரஞ்சிதத்தின் கை தாலிக்கொடிக்குப் போவது தெரிந்தது. சண்முகலிங்கம் ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏறிச் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

401இல் ஏறினார்கள், பிறகு 400இல் வடக்கே திரும்பினார்கள். பாட்டு போடவில்லை. முதலில் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பிறகு ஏதோ ஒன்று கடகடவென்றது. அடுப்பில் இருந்த சட்டி மூடியின் சத்தம்தான். அதன் பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை ஒரு கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. இனி வழியில் ஒரு ரயர் காற்றுப் போனாலும், நிலாணிக்குத் தலையிடித்தாலும், அது யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

பரி நகரைத் தாண்டியதும் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து, தூக்கி அடித்து எழும்பியது. உள்ளே கிடந்த எல்லாம் ஒருமுறை அதிர்ந்தன. சைக்கிள்கள் அசையவில்லை. மனோரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். சண்முகலிங்கம் கண்ணாடியில் பார்த்தான். இந்த நாட்டிலேயே பிறந்த நிலாணிகூடக் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். ஒருவரும் சைக்கிள்களைப் பார்க்கவில்லை, கமலாம்பிகையைத்தான் பார்த்தார்கள்.

அவர்கள்மேல் கோபிக்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் வண்டி பள்ளத்தில் விழுந்த அந்த நொடியில், நான் ஏன் முன்னால் நடந்தேன் என்றுதான் அவள் மனமும் முதலில் கேட்டது.