பெயிண்டர் கொண்டுபோன நகைப்பெட்டி

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நடந்த சங்கதி. மத்தியான வெயிலில் ஒருவன் பழைய சைக்கிளில் வருகிறான். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு கேட்டைத் திறந்து உள்ளே போகிறான். ஒரு பித்தளைக் குடத்தோடு வெளியே வந்து, அதைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்து விழுந்ததையெல்லாம் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டி வைத்துத் தோலை உரிக்க வேண்டுமாம். கையை ஒடித்து அனுப்ப வேண்டுமாம். ஏழையாகப் பிறந்தால் உழைத்துச் சாப்பிடக் கூடாதா என்று ஒரு பெரிய மனிதர் கேட்டிருந்தார். அவர் ஏரியில் மண்ணைக் கொட்டி மனை போட்டு விற்றவர்.

நான் ஒன்றும் திருடனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடம் போன வீட்டுக்காரிக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் சின்ன வயதில் நானும் இப்படிச் சைக்கிளில் வந்த ஒரு திருடனைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே திருடியவன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரத்தில் அவன் முகம் கடைசியாகத்தான் வரும். முதலில் வருவது எங்கள் அப்பா முகம்.

அப்போது திண்டிவனத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. ஒலக்கூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், மல்லாட்டை போடுவோம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கரும்புக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்கமான மனிதர்கள். நீங்கள் போடுவதைப் போடுங்கள், நாங்கள் வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டோம் என்று சொன்னார்கள். சொல்லும்போது கண்ணெல்லாம் அத்தை கழுத்திலேயே இருந்தது.

அத்தை கழுத்தில் கிடந்தது கவரிங். அம்மா கழுத்திலும் அதுதான். பெட்டியில் இருந்த ஆரம், வளையல், அட்டிகை எல்லாமே கவரிங். எனக்கு அது தெரியாது. என் கல்லூரி நாட்களில் ஒருமுறை அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது அவளாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மழை பொய்த்த வருஷம் நிலத்தில் போர் போட்டிருக்கிறார்கள். காதுக் கம்மல் உட்பட அம்மா நகை போய், புழுதி வந்தது. விடுவேனா என்று இன்னொரு இடத்தில் போட்டிருக்கிறார் அப்பா. அத்தை நகையும் போய், அங்கேயும் புழுதிதான் வந்தது. அப்புறம் புதுச்சேரிக்குப் போய், போன நகை மாதிரியே பார்த்துப் பார்த்துக் கவரிங் வாங்கி வந்திருக்கிறார். நிலத்துக்காக நகையை விற்றோம் என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் இல்லாதப்பட்டவர்கள் என்று நாலு பேர் நினைத்துவிட்டால் அத்தை கல்யாணம் நின்றுவிடும் என்பது அப்பாவின் பயம். அந்தப் பயத்துக்கு வீடே காவல் இருந்தது.

கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெயிண்டர் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் ஒரு பக்கெட், அதற்குள் பிரஷ்கள், கேரியரில் பழைய சாக்கு. ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் குடிசை. அதட்டிக்கூடப் பேசத் தெரியாத மனிதர். எந்த வாளியில் எந்த நிறத்தைக் கலக்கலாம் என்று என்னைக் கேட்பார். நான் சொன்னதைக் கலக்கமாட்டார், ஆனால் கேட்பார். அவர் ஏணிமேல் நிற்கும்போதுதான் அம்மாவும் அத்தையும் நகைப்பெட்டியைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். ஆள் வந்து போகிற நேரம், அலமாரியில் உள்ளே தள்ளி வை, ஆரத்தைத் தனியாகச் சுற்றி வை என்று. எதிர்வீட்டு லாரிக்காரர் பெண்டாட்டி காதில் விழ வேண்டுமே, அதற்காக. அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, பெயிண்டர் காதில் நன்றாக விழுந்தது.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தாலே பெயிண்டருக்கு வேலை கிடையாது. அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஒருநாள் முகூர்த்தப் புடவை எடுக்க எல்லாரும் விழுப்புரம் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடக்கிறது. நகைப்பெட்டியைக் காணோம். ஒரு பித்தளைச் சொம்பைக் காணோம். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை அரை மூட்டையையும் காணோம்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஐயோ விதை மல்லாட்டை போச்சே என்றுதான் அழுதாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பெட்டி நிறையத் தங்கம் போயிருக்கிறது, இவள் மல்லாட்டைக்கு அழுகிறாளே என்று. அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பா ஒரு முறை முறைத்தார். உடனே அத்தை ஆரத்தைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அவ்வளவு நன்றாக அழ வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

லாரிக்காரர் போலீசுக்குப் போன் போடப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் போலீஸ் வேண்டாம், எடுத்தவன் நன்றாக இருக்கட்டும் என்றார். நகையை இழந்த நேரத்திலும் என்ன மனசு பாருங்கள் என்று தெருவே மெச்சியது. நானும் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். போலீஸ் வந்தால் நகை வாங்கிய பில்லைக் கேட்பார்கள் என்பது பத்து வயதுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் விஷயம் அதோடு விடவில்லை. பெயிண்டர் மத்தியானம் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போனதை டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். மழையில் எந்த வீட்டில் வேலை என்று அப்போதே நினைத்தாராம். மறுநாள் காலையில் லாரிக்காரரும் அவர் ஆட்களும் போய் பெயிண்டரைச் சைக்கிளோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டு எதிரில், மின்கம்பத்தடியில் உட்கார வைத்தார்கள். வரும்போதே உதடு கிழிந்திருந்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை.

"எடுத்தது நெஜம்தாங்க. மழையில வேலை இல்ல, புத்தி கெட்டுப்போயி பண்ணிட்டேன். சொம்பு வூட்ல இருக்குது. மல்லாட்டைய அக்கம்பக்கத்துக் குடிசைக்கெல்லாம் பங்கு போட்டு, ராவோட ராவா வேவிச்சுத் துன்னுட்டோம். ஆனா பொட்டில இருந்தது தங்கம் இல்லைங்க, கவரிங்கு. அடகுக்கடையில ஒரசிப் பாத்துட்டுத் தொரத்திட்டாங்க. அந்தக் கோவத்துல ஏரில வீசிட்டேங்க."

கூட்டம் சிரித்தது. என்னமாய்க் கதை கட்டுகிறான் என்றார் ஒருவர். அந்த அடகுக்கடைக்காரரைப் போய்க் கேட்டார்கள். நமக்கெதற்கு வம்பு என்று அவர், இவன் யாரென்றே தெரியாது என்று கையை விரித்துவிட்டார். ஏரியோ மழைக்கு நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இவன் வூட்ல எவனாச்சும் தங்கத்தக் கண்ணால பாத்திருப்பானா? இவன் வந்து நம்ம வூட்டு நகைய கவரிங்குன்றான்."

அதற்கும் சிரித்தார்கள். வயிற்றுக்கு இல்லாதவனுக்குக் கண்ணும் இருக்கக் கூடாது, நாக்கும் இருக்கக் கூடாது. நல்ல நியாயம். பெட்டி எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஏரியில் என்று சொல்லச் சொல்ல அடி விழுந்தது. கடைசியில் அவர் கூட்டத்தை விட்டுவிட்டு எங்கள் கேட்டைப் பார்த்தார். அங்கே அம்மா நின்றிருந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. அது கவரிங்குதானே? தங்கம்னு வெச்சு அடிக்கிறாங்கக்கா."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். அந்த ஒரு வார்த்தையில் அத்தையின் கல்யாணமும் நின்றிருக்கும் என்று வீட்டில் மூன்று பேரும் நம்பினார்கள். அப்பா வேகமாகப் போனார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். போய், பெயிண்டரைக் கன்னத்தில் அறைந்தார். என்னை ஒருநாளும் அடித்ததில்லை அவர், மாட்டைக்கூட அடித்ததில்லை. திருடினதும் இல்லாமல் என் வீட்டுப் பெண்களைப் பேச்சுக்கு இழுக்கிறாயா என்று கேட்டார். அதற்கப்புறம் பெயிண்டர் கவரிங் என்கிற வார்த்தையைச் சொல்லவே இல்லை. யார் என்ன கேட்டாலும், ஆமாங்க, தங்கம்தாங்க என்றார்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். திருடன் அகப்பட்டுவிட்டானாமே, நகை கிடைத்ததா என்று விசாரித்தார்கள். வாய் திறந்து எதுவும் கேட்காத மனிதர்கள் அல்லவா? ஏதாவது கிடைத்தது என்று காட்டியாக வேண்டிய நிலை வந்துவிட்டது அப்பாவுக்கு. பஞ்சாயத்துக்கு லாரிக்காரர் இருக்கவே இருந்தார். பெயிண்டர் பெண்டாட்டி காதில் கம்மல் கிடக்கிறது, தாலியில் தங்கக் குண்டு இரண்டு இருக்கிறது, முதலில் அதைக் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றார். மீதிக்கு, பெயிண்டர் கூலி வாங்காமல் லாரி ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டு நகைக்கும் அவர் வீட்டு ஷெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போகட்டும், பாவம், விட்டுவிடுங்கள் என்று ஒரு பெருந்தன்மை. முதல்நாள் போலீஸ் விஷயத்தில் தாராளமாக வந்ததே, அந்தப் பெருந்தன்மை எங்கே போயிற்று? என்ன மனசு என்று இன்னொரு தடவை மெச்சிவிட்டுக் கலைந்து போயிருப்பார்கள். அதைச் செய்யவில்லை அவர். இதை நான் பெரியவளானபிறகு அவரிடமே கேட்டேன். உனக்குக் குடும்பக் கஷ்டம் தெரியாது என்றார். தெரியாதுதான். பெயிண்டருக்கும் ஒரு குடும்பம் இருந்தது, அதன் கஷ்டம் இவருக்கு நன்றாகத் தெரியும். ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களின் கஷ்டம் என்றால் மட்டும் அது நம் ஆட்களுக்குக் கணக்கிலேயே வராதா?

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெயிண்டர் பெண்டாட்டி வந்தாள். சின்ன வயசுக்காரி. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, கேட் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தாலிக் குண்டு இரண்டையும் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு கம்மலைக் கழற்றப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போட்டது, அப்புறம் கழற்றியதே இல்லை போலிருக்கிறது, திருகாணி அசையவில்லை. காது சிவந்ததுதான் மிச்சம். அம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து, எண்ணெய் விட்டு மெதுவாகத் திருகி, இரண்டு கம்மலையும் எடுத்தாள். எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது தென்னந்துடைப்பத்திலிருந்து உருவிய ஒரு குச்சி கையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நகத்தளவுக்கு இரண்டு துண்டாக ஒடித்தாள். முனை குத்தாமல் இருக்கச் சிமெண்டுத் தரையில் தேய்த்தாள். எண்ணெயில் தோய்த்து, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க அந்தப் பெண்ணின் காதுகளில் ஒவ்வொன்றாகச் சொருகினாள். கை கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை.

அந்தப் பெண் அம்மா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்களும் சொருகிக்கினு இருந்தீங்களாக்கா?"

அம்மா கம்மலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் ஏன் அப்படிப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கூடப் பிறந்தவளுக்குச் செய்கிற மாதிரி ஒரு திருடன் பெண்டாட்டிக்கு இவ்வளவு பக்குவமாகச் செய்கிறாளே, எங்கள் அம்மாவுக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.