மழை வராதென்று சொன்னவன்

வெளிநாட்டுப் படக்குழுக்களுக்கு இடம் பிடிப்பதும் அனுமதி வாங்குவதும்தான் லைன் புரொடியூசரான என் வேலை. மழை வராதென்று சத்தியம் செய்வதை நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

செஞ்சிக் கோட்டை பின்னால் தெரிய, பச்சை வயல் வேண்டுமென்றார் பிரெஞ்சு இயக்குநர். பக்கத்துச் சிங்கவரத்தில் அஞ்சலை என்ற விவசாயியின் நிலக்கடலை பிடுங்கத் தயாராக நின்றது.

"மல்லாட்ட முத்திடுச்சி சார். மழ பேஞ்சா மண்ணுலயே மொளச்சிடும்," என்றார்.

"வராதும்மா, போன்ல பாத்துட்டேன். குழு வந்து படம் எடுத்ததும் பிடுங்கிக்கலாம்."

நம்பினார். பிடுங்க வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். படப்பிடிப்பு முடிந்த அன்றே மழை பிடித்தது, விடவில்லை. பிறகு பிடுங்கியபோது காய்க்குக் காய் வெள்ளை முளை. நட்டஈடு கொடுத்தேன். ஆனாலும் அடுத்த விதைப்புக்குச் சொந்த வயலின் விதை அவருக்கு இல்லாமல் போனது.

அந்தப் படத்தால் எனக்குப் பல நாடுகளிலிருந்து அழைப்பு வந்தது. உறுத்தல் தாங்காமல் அஞ்சலையிடம் போய்க் காட்சியைக் காட்டினேன். நாயகியின் முகத்துக்குப் பின்னால் வயல் மங்கி, வெறும் பச்சைப் புகையாகத் தெரிந்தது.

"இன்னா சார், இதுக்கு ஒரு பச்சப் பொடவய கட்டி வுட்டிருக்கலாமே?"