பதினொரு பேர் உடைத்த பூச்சாடி

கெலிஓயா டவுனில் போய் அரூஸ் வீடு எங்கே என்று கேட்டால், எந்த அரூஸ் என்று உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். வேன் மாமா வீடு என்று கேட்டுப் பாருங்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற பொடிசு ஒன்று உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவன் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

இந்த மனுசன் ஒரு காலத்தில் வாய் திறக்காத ஆள் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறியில் ஒன்பது வருடம் ஓடியவன். ஏற்றி வரும் கோவாவும் கரட்டும் பேச்சுத் துணைக்கு ஆகுமா? பெண் பார்க்கப் போன இடத்தில், இப்போது மனைவியாகிவிட்ட பாயிஸாவின் வாப்பா, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று கலியாணத் தரகரிடம் காதோடு காதாகக் கேட்டாராம். பிறகு லொறியைக் கைவிட்டு, நேர்சரிப் பிள்ளைகள் பதினொரு பேரை ஏற்றி இறக்கும் வேனுக்கு வந்தான். வந்த முதல் நாளே பேராதனைச் சந்தி நெரிசலில் மாட்டிக்கொண்டான். பின் சீட்டில் ஸிபான் தினுஷனைக் கடித்தான். தினுஷன் கத்தினான். அதைப் பார்த்து அனற் கத்தினாள். கடிபடாத பிள்ளைகளும் எங்களை ஏன் விட்டாய் என்பதுபோலச் சேர்ந்து கத்தினார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அரூஸின் வாயிலிருந்து, "ஒரு காட்டில ஒரு கரடி இருந்திச்சு, அதுக்குக் கடிக்கிற பழக்கம்," என்று எப்படியோ ஒரு வசனம் விழுந்தது. பதினொரு வாயும் கப்பென்று மூடின.

கரடி அடுத்து என்ன செய்தது என்று அவனுக்கே தெரியாது. சந்தி தாண்டும் வரை அதை இழுத்துக்கொண்டே போனான். காட்டில் எல்லாரையும் கடித்துத் துரத்திவிட்டு, விளையாட ஆளில்லாமல் தனியே உட்கார்ந்த கரடி, கடைசியில் தன் காலையே கடித்துப் பார்த்து, அட, வலிக்கிறதே என்று கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு ஸிபான் யாரையும் கடித்ததில்லை. எப்போதாவது தன் கையைத்தான் கடித்துப் பார்த்துக்கொள்வான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் ஒன்றரை வருடமாகியும் இறங்கவில்லை. கதையோடு நிறுத்தினானா என்றால், அதுவும் இல்லை. யாராவது வழி விட்டால் பதினொரு பேரும் ஜன்னலால் கையாட்டி, சிங்களத்தில் "ஸ்தூதி" என்று நன்றி சொல்ல வேண்டும். மஞ்சள் கடவையில் ஆள் நின்றால் வேனும் நிற்கும். போங்க போங்க என்று பிள்ளைகள் கையைக் காட்டும். ஒரு நாள் ஒரு பெரியவர் பாதையைக் கடக்கும் எண்ணமே இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் விட்டால்தானே. மனுசன் வெட்கப்பட்டுப்போய் அந்தப் பக்கம் கடந்து, வேன் நகர்ந்த பிறகு திரும்பிக் கடந்து வந்ததை அரூஸ் கண்ணாடியில் பார்த்தான்.

வீடுகளில் என்ன கூத்து நடந்தது என்பது தனிக் கதை. சோற்றை வீணாக்கிய நரியின் கதை கேட்ட வாரம், தினுஷன் வீட்டுக்கு அவனுடைய அப்பாவின் பெரிய துரை சாப்பிட வந்தார். தினுஷன் அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய சோற்றுக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாவம், அவர் கறிவேப்பிலையையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் எழுந்தார்.

ஒரே ஒரு சிக்கல். கதை சொல்வது மத்தியானம், வீட்டுக்குப் போகும் வழியில். கெட்டம்பேயில் நேர்சரி வாசலில் கதை தொடங்கும். பேராதனையில் நாலு பேர் இறங்குவார்கள், அடுத்தடுத்த திருப்பங்களில் இரண்டும் மூன்றுமாக உதிர்வார்கள். கெலிஓயாவில் கதை முடியும்போது வேனில் மிஞ்சுவது ஷஹ்மா ஒருத்திதான். அவளுக்கு வயது நாலரை, வாய்க்கு மட்டும் நாற்பது. மறுநாள் காலையில் முதலில் ஏறுவதும் அவள்தான். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் ஏற ஏற, "முடிவு என்ன?" என்று கேட்கும், ஷஹ்மா சொல்ல வேண்டும். அதுதான் வேனின் சட்டம்.

ஷஹ்மாவோ முடிவைத் தன் இஷ்டத்துக்கு வளைப்பாள். தேன் திருடிய நரி அரூஸின் கதையில் அழுதுகொண்டே தேனைத் திருப்பிக் கொடுக்கும். காலையில் ஷஹ்மா சொல்லும்போது அந்த நரிக்குத் தேனோடு ஒரு சைக்கிளும் கிடைத்திருக்கும்.

"மகள், நான் அப்படிச் சொல்லல்லயே," என்பான் அரூஸ்.

"நீங்க சொல்ல மறந்திட்டீங்க மாமா. நான் சேத்துக்கிட்டேன்."

இந்த லட்சணத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் யானையின் பானையை உடைத்த குரங்கின் கதையைத் தொடங்கினான். குரங்கு பானையை உடைத்துவிட்டுக் காற்றின் மேல் பழியைப் போடுகிறது. மற்ற மிருகங்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். கடைசியில் குரங்கு தானே போய், நான்தான் உடைத்தேன் என்று யானையிடம் சொல்லிவிடும். முடிவு அரூஸுக்கே மிகவும் பிடித்திருந்தது. நல்ல குரலில் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தால், ஷஹ்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல தூக்கம்.

தூங்கினால் என்ன, சட்டம் சட்டம்தானே. புதன்கிழமை காலையில் முடிவு கேட்டவர்களுக்கெல்லாம் அவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

"யானை வந்து, பானைய ஒடச்சது யாருன்னு கேட்டிச்சு. முயல் நான்தான்னு சொல்லிச்சு. மானும் நான்தான்னு சொல்லிச்சு. ஆமையும் நான்தான்னு சொல்லிச்சு. எல்லாருக்கும் ஏச ஏலாதுதானே. யானைக்குத் தல சுத்திப் போய்ப் படுத்துக்கிச்சு."

வேனில் ஒரே ஆரவாரம். ஆமை என்று வரும்போதெல்லாம் அனற் உருண்டு உருண்டு சிரித்தாள். "மத்தியானம் நான் சரியான முடிவச் சொல்றேன்," என்று அரூஸ் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அன்று மழை. பத்து நிமிடம் பிந்திவிட்டது. நேர்சரி நடப்பது டொரதி டீச்சரின் சொந்த வீட்டு வளவில். உள்ளே வந்து திரும்புவதற்கு அவர் அனுமதித்திருந்தது அரூஸின் வேனை மட்டும்தான். அதற்கும் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆபத்து வந்திருந்தது. கேட் தூணில் அவன் ஒரு முறை உரசிவிட, டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை எதையாவது இடிச்சீங்கன்னா, இந்தப் பதினொரு வீட்டுக்கும் வேற வேன் பாக்கச் சொல்லிருவேன் அரூஸ்," என்று மெதுவாகச் சொல்லியிருந்தார். அவர் மெதுவாகச் சொன்னால் செய்வார். அந்த வாரம் முழுக்க அரூஸுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு பாரம் ஏற்றிப் பிழைக்கலாம், அது பெரிய காரியமில்லை. திரும்பவும் கோவாவோடும் கரட்டோடும் எப்படி இருப்பது?

இப்போது அவசரத்தில் பின்னுக்கு எடுத்தவன், எதையோ இடித்தான். இறங்கிப் பார்த்தால் டீச்சரின் அந்தூரியம் பூச்சாடி. இடுப்பளவு உயரம், இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்க வேண்டிய சீமெந்துச் சாடி. தினமும் காலையில் டீச்சர் அதற்குக் குட்மோர்னிங் சொல்வார். அது மூன்று துண்டாகிக் கிடந்தது.

"என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் விறாந்தைக்கு வந்தார்.

"குரங்கு டீச்சர்," என்றது அரூஸின் வாய். "ரெண்டு மூணு சேந்து வந்து தள்ளிட்டுப் போயிட்டு."

அந்தப் பக்கத்தில் குரங்குகளுக்குக் குறைச்சல் இல்லை; டீச்சர் அப்படியே நம்பினார். வேனுக்குள் பதினொரு பேரும் சத்தமே இல்லாமல் அவனைப் பார்த்தார்கள். அந்த இருபத்திரண்டு கண்களையும் பார்க்க முடியாமல் அவன் மழைக்குள் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக இறக்கிவிட்டுப் போனான்.

மத்தியானம் வந்து பார்த்தால், விறாந்தையில் பதினொரு சின்னக் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். சரி, எல்லாம் வெளியில் வந்துவிட்டது என்று அரூஸ் நினைத்தான்.

"வாங்க அரூஸ். வந்து இந்தக் கூத்தப் பாருங்க," என்றார் டீச்சர். "நீங்க சொன்னதக் கேட்டு நான் விடிஞ்சதுல இருந்து குரங்கத் திட்டிக்கிட்டு இருக்கேன். பத்து மணிக்கு இதுங்கள வட்டமா உக்கார வச்சு, கெட்ட குரங்கு நம்ம சாடிய உடச்சிருச்சுன்னு சொன்னேன். இந்த ஷஹ்மா எந்திரிச்சு, குரங்கு பாவம் டீச்சர், அது ஒண்ணும் செய்யல்ல, நான்தான் உடச்சேன்னு சொல்லுது. உடனே ஸிபான், இல்ல நான்தான்கிறான். அப்புறம் அனற். அப்புறம் அத்தனையும்."

"எல்லாருமா டீச்சர்?"

"எல்லாரும். எப்படி உடச்சீங்கன்னு கேட்டேன். ஸிபான் தலையால முட்டினானாம். அனற் சாப்பாட்டுப் பெட்டியால அடிச்சாளாம். தினுஷன் தொடவே இல்லயாம், முறைச்சுப் பாத்தானாம், அது தானா விழுந்திச்சாம்."

தினுஷன் அப்போதும் ஒரு தூணை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அரூஸுக்குச் சிரிப்பு குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"சிரிக்கிற விசயமில்ல இது. எல்லாம் சேந்து தள்ளி விளையாடி, அந்தச் சாடி ஒண்ணு மேல விழுந்திருந்தா? நாளைக்குப் பூங்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தேன். அங்க பக்கத்துலயே மகாவலி ஆறு ஓடுது. கேட்டதுக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லாத பிள்ளைங்கள நம்பி நான் எப்படிப் போறது? நாளைக்குப் பயணம் இல்ல."

பூங்காப் பயணத்துக்காகப் பத்து நாளாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள். ஒன்று கூட வாயைத் திறக்கவில்லை. ஷஹ்மா அரூஸைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து இறுக மூடித் திறந்தாள்.

உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் அரூஸின் நெஞ்சு பூரித்துப்போயிருந்தது. குரங்கின் மேல் அநியாயமாகப் பழி விழவும் விடாமல், மாமாவையும் காட்டிக்கொடுக்காமல், இந்த இத்தனூண்டுகள் எப்படி ஒரு வழி கண்டுபிடித்தன? அடுத்த நொடியில் அந்தப் பூரிப்பெல்லாம் அவனுக்கே அருவருப்பாகிவிட்டது. நாலு வயதுப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறான். வெட்கம் கெட்டவன்.

"டீச்சர், சாடிய ஒடச்சது நான். வேன பின்னுக்கு எடுக்கும்போது அடிச்சிட்டேன். குரங்கும் இல்ல, பிள்ளைகளும் இல்ல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஒரு சின்னக் கதிரையை இழுத்து, அது தாங்குமா என்று கூடப் பார்க்காமல் அதில் உட்கார்ந்தார்.

"குரங்குன்னு நீங்க சொன்னப்ப நான் ஒரு நிமிசங்கூட யோசிக்கல்ல அரூஸ். வேற யாராவது சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்."

வேற வேன் என்ற சொல் எந்த நேரத்தில் வரும் என்று அரூஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற வேன் பாக்கச் சொல்லத்தான் வேணும். ஆனா இந்தப் பதினொண்ணும் வேற வேன்ல ஏறுங்களா? ஏத்தப் போனா என்னையும் தலையால முட்டும்," என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். "வேன் இனி கேட்டுக்கு வெளியில. மழையோ வெயிலோ, நீங்கதான் இதுங்கள நடத்திக் கூட்டி வரணும். சாடிய உடச்சது யாருன்னு பதினொரு வீட்டுலயும் நீங்களே சொல்லுங்க. நாளைக்கு எட்டு மணிக்குப் பூங்கா வாசலுக்கு வந்திருங்க."

பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு வேனுக்கு ஓடின. ஷஹ்மா மட்டும் ஓடவில்லை. உம்மென்று வந்து ஏறி, முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னத்துக்குச் சொன்னீங்க மாமா? நாங்க சொல்லிட்டோம்தானே. எல்லாம் சரியாத்தானே இருந்திச்சு."

அரூஸ் பின்னால் திரும்பி உட்கார்ந்தான். வேனை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

"நீங்க செஞ்சது பிழை," என்று தொடங்கினான். பதினொரு முகமும் வாடின. "எனக்காக ஒரு ஆளும் இப்படிச் செஞ்சதில்ல," என்று அடுத்ததைச் சொன்னான். முகங்கள் மலர்ந்தன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக எந்தச் சந்தியிலும் ஓயாத வாய், இப்போது நின்றுவிட்டது.

"மாமா, உங்களுக்கு டீச்சருக்குப் பயமா?" என்று கேட்டாள் ஷஹ்மா.

"சரியான பயம் மகள். கால் நடுங்கிட்டு. அதாலதான் பொய் சொன்னேன். உங்களுக்கெல்லாம் பயமே இருக்கல்லதானே?"

ஷஹ்மா கையைப் பிரித்தாள்.

"எங்களுக்கும் பயம்தான்," என்றாள் சின்னக் குரலில்.

"எனக்கு மூத்திரம் வந்திட்டு," என்றான் ஸிபான்.

"எனக்கு வயித்துக்குள்ள ஆடினது," என்றாள் அனற்.

"எனக்குத்தான் ஆகக் கூடப் பயம்," என்றான் தினுஷன். இல்லை எனக்குத்தான், இல்லை எனக்குத்தான் என்று வேன் முழுக்கச் சண்டை கிளம்பியது. பயந்தது எப்படி என்று ஒவ்வொன்றும் எழுந்து நின்று நடுங்கிக் காட்டியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு, பதினொரு பேரும் முடிக்கும் வரை அரூஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.