இரண்டாவது ஆளைக் கூப்பிடப் பயந்த குழாய்க்காரர்

குழாய்க்காரர் என்றால் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. அவர் பார்த்துச் சொன்ன ஒழுக்கை வேறொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் போதும், அந்த வீட்டு வாசற்படியை அப்புறம் மிதிக்கமாட்டார். பெண்சாதியின் சித்தி, அவருக்குச் சின்ன மாமியார், குளியலறைச் சுவரை வேறு ஆளை வைத்து உடைத்துப் பார்த்தாள் என்று அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று வந்தது. ஊசி விட்டு எடுத்த சதையில் தெரிந்ததாம். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாளும் குறித்துவிட்டார். சாவைவிட அவருக்கு வேறொரு பயம். பெரியப்பாவின் மூத்த மகனுக்கும் இதே ஆபரேஷன்தான். ஆள் பிழைத்தார், சிறுநீர் மட்டும் நிற்கவில்லை. நல்லது கெட்டது எதற்கும் வெளியே வராமல் வீட்டோடு முடங்கிப் போனார். ஊர் ஒழுக்கையெல்லாம் அடைத்தவன் தானே ஒழுகிக்கொண்டு நிற்பதா என்று குழாய்க்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுடா," என்றாள் அவருடைய அக்கா.

"இவருக்குத் தெரிஞ்சா அப்புறம் என்னைத் தொடுவாராக்கா? நானா இருந்தா தொடமாட்டேன்."

"நீ கோவிச்சுக்கிட்டா குழாய்தான் சொட்டும். உலகத்துல எல்லாரும் உன்னை மாதிரியே மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டுத் திரியறாங்களா?"

அக்கா விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். புது டாக்டர் ஒரு அம்மா. குழாய்க்காரரோ பழைய ரிப்போர்ட் ஒன்றையும் எடுத்து வரவில்லை. முதல் ஆள் சொன்னதைச் சொல்லிவிட்டால் இரண்டாவது ஆள் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவான் என்பது அவர் தொழிலில் கண்ட கணக்கு.

"என்ன செய்யுதுங்க?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

டாக்டரம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ரத்தம், ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி விட்டுச் சதையும் எடுக்கணும் என்றார். ஊசி என்றதும் அவருக்கு முகம் வெளுத்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் குத்தியாச்சு டாக்டர்! வியாழக்கிழமை அறுக்கப் போறாங்க. இவன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தச் சதையை வச்சுப் பார்த்த கண்ணாடி ஸ்லைடுகள் அங்கே இருக்கும். கேட்டு வாங்கிட்டு வாங்க. இங்கேயும் ஒரு தடவை பாக்கணும்."

கேட்டு வாங்குவதா! அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே எதிரில் வந்து நின்றது.

பழைய டாக்டரின் அறை வாசலில், பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் மென்று விழுங்கினார். "வேற ஒருத்தர்கிட்ட... காட்டலாம்னு..."

டாக்டர் எழுந்தார். போச்சு, வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று இவரும் எழுந்துவிட்டார்.

"உட்காருங்க. நர்ஸ்கிட்ட எடுத்துக் குடுக்கச் சொல்றேன். எனக்கே வந்திருந்தாலும் நானும் இன்னொருத்தர்கிட்ட காட்டுவேன். வியாழக்கிழமையைத் தள்ளி வைப்போம், அதனால ஒண்ணும் ஆயிடாது."

இவ்வளவுதானா என்று குழாய்க்காரருக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது.

ஸ்லைடுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அக்காவும் தம்பியும் முடிவுக்குக் காத்திருந்தார்கள். வந்த அன்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நோய் இருக்கறது நிஜம். ஆனா மெதுவா வளர்ற ரகம். முதல்ல நினைச்ச அளவுக்கு மோசமில்ல. பழைய டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், அவரும் ஒத்துக்கிட்டார். இப்போ அறுக்க வேண்டாம். மூணு மாசத்துக்கொரு தடவை ரத்தம் பாப்போம், நடுவுல ஸ்கேனும் பாப்போம். வளந்தா அப்போ அறுக்கலாம்."

"உள்ள இருக்குன்னு தெரிஞ்சும் சும்மா விடறதா?"

"சும்மா விடலைங்க. பாத்துக்கிட்டே இருக்கோம்."

 பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார் குழாய்க்காரர். அக்கா பின்னாலேயே ஓடினாள். அவர் நேராகப் போய்ச் சின்ன மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அடடே, மாப்பிள்ளைக்கு வழி மறக்கலையா!" என்றாள் கிழவி.

அவர் குளியலறைக்குப் போய், அந்த வேற்றாள் பூசிய சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"அது எப்பவோ காஞ்சு போச்சு மாப்பிள்ளை."

"இன்னிக்குக் காஞ்சிருக்கு," என்றார் குழாய்க்காரர். "மூணு மாசம் கழிச்சு வந்து மறுபடி பாக்கறேன்."