வருந்துகிறோம் என்று எழுதுகிறவர்கள்

என் மகளுக்கு முதல் மறுப்பு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை அரை நாள்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போனை நீட்டினாள்.

"நீங்களே வாசிங்கப்பா."

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். டெல்லிப் பக்கமும் பெங்களூரிலுமாக நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கெல்லாம் மதிப்பெண் மட்டும் போதாது. உன்னைப் பற்றி, உன் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுது என்று கேட்பார்கள். அவள் தன் மாமாவைப் பற்றி எழுதினாள். என் மனைவியின் தம்பி சங்கு குளிக்கப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிறவனை உட்கார வைத்து, ஆழத்தில் காது எப்படி வலிக்கும், மணலுக்குள் கிடக்கும் சங்கு எப்படிக் கண்ணில் படும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கூடக் குளிக்கப் போனவர் மேலே வராமல் போன நாளைப் பற்றியும் ஒருநாள் அவன் சொன்னான். அதை அவன் தன் அக்காவிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

கடிதம் ஆங்கிலத்தில் வெகு அழகாக இருந்தது. நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். உங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்தோடு வாசித்தோம். இந்த ஆண்டு அபாரமான திறமையுள்ள பலர் விண்ணப்பித்திருந்தார்கள். உங்களுக்கு இடமளிக்க இயலாததற்கு வருந்துகிறோம். இந்த முடிவு உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகாது. உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். "இல்லைங்கிற வார்த்தை எங்கன இருக்கு?" என்றாள்.

தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு வார்த்தை கடிதத்தில் எங்குமே இல்லை.

மகள் அழவில்லை. "கவனமா வாசிச்சோம்னு போட்டுருக்காங்க. வாசிச்சிருந்தா மாமாவப் பத்தி ஒரு வரியாவது சொல்லியிருப்பாங்கல்லா?" என்று மட்டும் கேட்டாள். அந்த அஞ்சலுக்கே பதில் எழுதினாள். இடம் வேண்டாம், என் கட்டுரையில் எது சரியில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது. இந்த முகவரிக்கு வரும் அஞ்சல்கள் வாசிக்கப்படுவதில்லை என்று இருந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள் வந்தன. அதே கவனம், அதே வருத்தம், அதே வாழ்த்து. "மூணுக்கும் ஒரே ஆள்தான் எழுதிக் குடுக்கான் போல" என்றாள். நான்காவது கல்லூரி கடிதமே அனுப்பவில்லை. அவர்களுடைய இணையதளத்தில் அவள் பெயருக்கு எதிரே 'தேர்வாகவில்லை' என்று சிவப்பில் போட்டிருந்தது. "இது பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவளிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வரவேண்டிய கண்டெய்னர் தங்கிப்போனால், சரக்குக்காரர்களுக்கு 'தாமதத்திற்கு மிகவும் வருந்துகிறோம்' என்று அடித்து அனுப்புகிறவன் நான்தான். அடிக்கும்போது டீக்கு யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மீன் பையை அக்கா கையில் கொடுத்துவிட்டு, மகளைப் பார்த்துக் கேட்டான்.

"ஏளா, என்னயப் பத்தி எழுதி அனுப்புனியே, காலேஜ்ல என்ன சொல்லுதாங்க?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நல்லா இருக்குன்னு சொன்னாங்க மாமா. ரொம்பக் கவனமா வாசிச்சாங்களாம். இந்த வருசம் எடந்தான் இல்லியாம்."

"அப்ப சரி. அடுத்த வருசம் தந்துருவாங்க" என்றான் அவன். சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். என் மனைவி மீனைக் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் பின்கட்டிலேயே இருந்தாள்.

இதெல்லாம் நடந்து சில வாரத்தில், எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். வேலை மேனேஜரின் சொந்தக்காரப் பையனுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. மற்ற இருவருக்கும் தகவல் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார். பழைய மாதிரிக் கடிதம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். பெயரை மட்டும் மாற்ற வேண்டும். 'வருந்துகிறோம்' என்ற இடத்தில் என் கண் நின்றது. மனுஷனாகப் பேசிவிடுவோம் என்று நினைத்து, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்திருந்த பெண்ணைப் போனில் கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் பஸ் ஹாரன் சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்: "நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார். அடுத்த எடத்துல திருத்திக்கிடுதேன்."

"தப்பு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் பதில் சொன்னீங்க."

"பொறவு ஏன் சார்?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். "நெறைய பேரு வந்திருந்தாங்கம்மா" என்றேன். வராந்தாவில் மூன்றே நாற்காலி போட்டு மூன்று பேரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், அவளுக்குத் தெரியாதா? "சரி சார், போன் பண்ணிச் சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டாள். அடுத்த ஆளுக்கு நான் கடிதத்தையே அனுப்பினேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "போன் போட்டது அவளுக்காவா, உங்களுக்காவா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

கடைசியில் மகள் உள்ளூர்க் கல்லூரியில்தான் சேர்ந்தாள். அங்கிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டு, "லிஸ்ட்ல பேரு இருக்கு, நாளைக்கு சர்ட்டிபிகேட் கொண்டாந்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வரலாறுதான் கிடைத்தது. நல்லாத்தான் படிக்கிறாள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். முன்பெல்லாம் பின்னால் உட்கார்ந்தால் வாய் ஓயாது. இப்போது உப்பளங்கள் கடந்துபோகிற வரைக்கும் பேச்சில்லை. இறங்கும்போது "வாரேன்ப்பா" என்பதோடு சரி.

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்று அவளுடைய தோழியிடமிருந்து என் மனைவிக்குத் தெரிந்தது. சாப்பிடும்போது, "ஒண்ணு எழுதிக் குடேன்ளா" என்றாள்.

"எழுதுதேன்மா" என்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கொடுக்க வேண்டிய கடைசித் தேதி போன வாரம் முடிந்தது. எழுதினாளா என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.