முதிரைக் கோல்

படகுத் தச்சன் ஹெக்டரின் மூத்த மகள் றொசிற்றா, முதிரை மரத்தில் தானே கடைந்த கோலோடு துறைமுகக் கிளப்பின் பில்லியட்ஸ் அணியில் சேர வந்தாள். கோலின் இரண்டு துண்டும் சேரும் இடத்தில் இரும்பு ஆணி இல்லை. மரத்துக்குள் மரமே திருகியிருந்தது.

"இரும்புப் பொருத்து இல்லாட்டி அணியில இடமில்லை, தங்கச்சி. இது ரெண்டு அடி தாங்காது," என்றார் செயலாளர் றஊப்.

"இரும்பு அடியை விழுங்கிப்போடும், நானா. அடி எங்க பட்டதெண்டு மரம் கைக்குச் சொல்லும். படகுப் பலகையில உள்ளங்கையை வச்சுத் தட்டித்தான் அப்பா பொருத்துப் பாக்கிறவர். என்ர கண்ணைக் கட்டுங்கோ."

கட்டினார்கள். ஆறு அடி அடித்தாள். கோல்முனை பந்தின் நடுவில் பட்டதா, ஓரத்திலா என்று ஆறுக்கும் சரியாகச் சொன்னாள். பொருத்தும் அசையவில்லை.

றஊப் கை நீட்டினார். "தாங்கோ, ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

றொசிற்றா கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முதல்ல அணியில என்ர பேரை எழுதுங்கோ, நானா."