பெட்ரோல் யாரு போடுதா?

போன வாரம் என் மகன் தன் மகனை வாசலில் நிறுத்தி வைத்து ஒரு கேள்வி கேட்டான். பேரன் வேலைக்குப் போகிறான், மீசை வைத்திருக்கிறான், பெண் பார்க்கச் சொல்லி ஜாதகம் கொடுத்தாயிற்று. ஆனாலும் அவன் பைக்குக்குப் பெட்ரோல் ஊற்றுவது அப்பா கைக்காசில்தான்.

"ஊரெல்லாம் சுத்துதியே, பெட்ரோல் யாரு போடுதா?" என்றான் மகன்.

அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அது என் மாமனாரின் கேள்வி. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. கேள்வி மட்டும் சாகாமல், என் வயிற்றில் பிறந்தவன் வாய்க்குள் போய்க் குடியிருக்கிறது.

வளர்ந்த பிள்ளையின் வண்டிச் செலவைப் பெற்றவர்கள் ஏற்கலாமா என்று வீட்டில் அன்றிலிருந்து சண்டை. கொடுக்கக் கூடாது என்கிறாள் மருமகள். கொடுப்பேன், ஆனால் எங்கே போனாய் என்று கேட்பேன் என்கிறான் மகன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூணாம் கிளாஸ். பிழை இருந்தால் என் வாத்தியாரைத் தேடிப் பிடித்து ஏசுங்கள்.

நான் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என் மாமனாருக்குக் கருப்பட்டி மண்டி இருந்தது. உப்பு வியாபாரமும் உண்டு. வெள்ளைக்காரன் ஜெர்மனிக்காரனோடு போட்ட சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பல் கம்பெனி துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய காரை மாமனாரிடம் தள்ளிவிட்டுப் போனார். வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் மாமனாருக்கு ஒரே மகன். தன் அப்பாவின் மண்டியில் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை வேலை பார்ப்பார். சம்பளம் என்று ஒன்று கிடையாது. சோறு, வேட்டி, கார் சாவி எல்லாம் அப்பா கொடுப்பது.

கார் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா, இனிமே ஒனக்கென்ன குறை, ராணி கணக்கா அம்மா வீட்டுக்குப் போவே" என்றாள். அவள் வாயில் கருப்பட்டியைப் போட நினைத்தேன். நல்லவேளை, போடவில்லை.

என் அம்மா வீடு குலசேகரன்பட்டினத்தில். நாங்கள் குலசை என்போம். தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரி, திருச்செந்தூர் தாண்டி நேர் ரோடு. கார் வருவதற்கு முன்னால் நினைத்தால் பஸ் ஏறிப் போய்விடுவேன். கார் வந்த பிறகு போகவே முடியவில்லை.

போக வேண்டிய காரியமும் இருந்தது. என் மூத்த பையன், இப்போது பெட்ரோல் கேள்வி கேட்டானே அவன்தான், பிறந்தவுடன் காய்ச்சலில் பாலைக் குடிக்காமல் கிடந்தான். முதல் முடியைக் குலசை அம்மனுக்கு இறக்குகிறேன் என்று என் அம்மா வேண்டிக்கொண்டாள். அவனை மடியில் வைத்துக்கொள்ள என் அண்ணன் அங்கே தயாராக இருந்தான். பிள்ளை பிழைத்தான், தவழ்ந்தான், நடந்தான். முடியும் வளர்ந்தது. வேண்டுதல் முடி என்பதால் கத்தி படக் கூடாது.

ஒருநாள் மாமனார் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பேச்செடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமனார் முன்னால் வந்து பேசுகிற வழக்கம் அப்போது மருமகளுக்குக் கிடையாது.

"ஐயா, குலசைக்கு ஒரு நடை போயிட்டு வந்துரலாம்னு…"

"எதுக்கு?"

"பிள்ளைக்கு முடி இறக்கணும்லா."

"முடி எங்க ஓடியா போவுது? வளரத்தான செய்யும்."

"காலையில போயிட்டு சாயங்காலம் வந்துருவோம்."

மாமனார் ரசத்தை உறிஞ்சி முடித்து, இலையை மூடினார். "சரி. பெட்ரோல் யாரு போடுதா?"

என் வீட்டுக்காரர் தன் இலையில் இருந்த கறிவேப்பிலையை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

மாமனார் கருமி என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் கூப்பனுக்குக் கிடைக்கிற காலம் அது, அவர் முகம் சுளிக்காமல் வாங்கிப் போடுவார். மகன் கார் ஓட்டுவதை மண்டி வாசலில் நின்று பெருமையாகப் பார்ப்பார். ஆனால் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய், அடுத்த மாதம் போனால் என்ன, இவ்வளவையும் கேட்டு முடிப்பதற்குள் போகிற ஆசையே போய்விடும். என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் கேலி செய்வார்களாம்: "ஏலே, சாவி ஒங்கிட்ட, வண்டி ஒங்க ஐயாட்ட!"

நான் மாமியாரிடம் போனேன். "அத்தை, கார் வேண்டாம். பஸ்ஸுல போயிட்டு வந்துருதேன்."

மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்: "கார் நிக்குத வீட்டு மருமவ பஸ்ஸுல இடிபட்டுப் போனா, நொடிச்சுப் போயிட்டாவன்னுல்லா ஊரு பேசும்? நாளைக்கு மண்டியில நம்ம மாமாவுக்கு எவன் சரக்கு தருவான்?"

ஆக, கார் போகாது. பஸ்ஸில் போகக் கூடாது. அண்ணன் சரக்கு ஏற்றி வருகிற மாட்டு வண்டியில் போவதைப் பற்றி வாயைத் திறக்கவே வேண்டாம். கார் வாசலில் பளபளவென்று நிற்கும். நான் உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பேன். சிறையில் இருப்பவர்களுக்கு இரும்புக் கதவு. எனக்குத் துரை ஓட்டிய கார்.

பையனுக்கு முடி தோளைத் தாண்டியது. மாமியார் சடை பின்னி நாடா கட்டிவிட்டாள். வளையல்காரர் வந்து, "பாப்பாவுக்குக் கையளவு பாருங்க" என்றார். அவனும் கையை நீட்டினான். சிரிக்க நன்றாகத்தான் இருந்தது. வெயில் காலம் வந்ததும் முடிக்கு அடியில் வேனல் கட்டி வந்து சீழ் வைத்தது. பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பறண்டிக்கொண்டு அழும். வேப்பிலை அரைத்துப் போட்டாலும் முடி விடாது, மருந்து தோலுக்கே போய்ச் சேராது. வெட்டவும் பயம், விடவும் முடியவில்லை. அண்ணன் மண்டிக்கு வரும்போதெல்லாம், "அம்மை தெனமும் ரோட்டுக்கு வந்து நிக்கா பாத்துக்கோ" என்பான். எந்தக் கார் சத்தம் கேட்டாலும் வந்து பார்ப்பாளாம்.

அந்தச் சமயத்தில் பெட்ரோல் சுத்தமாகக் குறைந்தது. கூப்பன் இருந்தாலும் பங்கில் எண்ணெய் இல்லை. ஊரில் பஸ்ஸுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய டிரம்மைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்ட ஆரம்பித்தார்கள். மாமனாரும் காருக்கு ஒன்று கட்டினார். கடைத்தெருவில் வாங்கிய கட்டைக் கரி இருமிக்கொண்டே எரிந்தது. கார் நடக்கிறவனுக்கு வழிவிட்டுப் போயிற்று. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. மாமனாரே இறங்கித் தள்ளினார் என்று கேள்வி. நான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

டிரம் கட்டிய மெக்கானிக் பாய் வந்து சொன்னார்: "அண்ணாச்சி, சிரட்டைக் கரி போட்டுப் பாருங்க. குதிரை கணக்கா இழுக்கும்."

தேங்காய் இல்லாமல் எங்கள் ஊரில் குழம்பு ஏது? உடைத்த தேங்காயின் சிரட்டையெல்லாம் வெந்நீர் அடுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "இனிமே ஒரு சிரட்டையும் வீணாக்கக் கூடாது" என்று மாமனார் உத்தரவு போட்டார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. கொல்லையில் குழி தோண்டி, சிரட்டையை அடுக்கித் தீ வைத்து, சரியான பதத்தில் தகரத்தை மூடி மண்ணைப் போட வேண்டும். முந்தினால் புகையும், பிந்தினால் சாம்பல். என் கையும் முகமும் காரின் பின்பக்கம் மாதிரி ஆயின.

ஒருநாள் மாமியார் குழிப் பக்கம் வந்து நின்றாள். "ஏளா, இம்புட்டும் எங்க போவுது?"

"மாமா காருக்குத்தான் அத்தை."

அவள் என் கரி மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப அந்தக் காரை நீயா ஓட்டுதே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விளையாட்டாகச் சொன்னாளா, விவரமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழிக்கு மண் போட மறந்து நின்றேன். அன்றைய சிரட்டை சாம்பல்.

அடுத்த தடவை மாமனார் ஆறுமுகநேரி உப்பளத்துக்குக் கிளம்பிய காலை. கார் வாசலில் நின்றது. டிரம் காலி. கரிச் சாக்கு வழக்கமான இடத்தில் இல்லை.

"கரி எங்க?" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்.

நான் சடை பின்னிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் வந்தேன். மாமனாரிடம் பேசக் கூடாதே தவிர, பிள்ளையிடம் பேசலாம்.

"ஏலே, தாத்தாட்ட கேளு. கரி யாரு போடுதா?"

என் வீட்டுக்காரர் கார் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று அந்தப் பக்கம் குனிந்துகொண்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். உடனே, அதைத்தானே கேட்கிறோம் என்றும் தோன்றியது.

மாமனார் தொண்டையைச் செருமினார். அவரும் பிள்ளையைத்தான் பார்த்தார். "ஏலே, ஒங்கம்மைக்கு என்ன வேணுமாம்?"

"ஆறுமுகநேரிக்கு அங்கிட்டு குலசைன்னு ஒரு ஊரு இருக்காம்னு தாத்தாட்ட சொல்லுலே."

"காரு!" என்றான் பையன்.

மாமனார் போய் முன்சீட்டில் உட்கார்ந்தார். "ஏறச் சொல்லு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மாமியாரும் ஏறிக்கொண்டாள். தொட்டிலுக்கு அடியில் வைத்திருந்த சாக்கை நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆறுமுகநேரியில் உப்பு பேசி முடித்து, திருச்செந்தூர் தாண்டி, குலசைக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் எல்லார் மூக்கும் கறுப்பு. அம்மா ரோட்டில் நின்றாள். அன்றைக்கு நாங்கள் வருவது அவளுக்குத் தெரியாது. சும்மா தினமும் நிற்கிற மாதிரிதான் நின்றாள். காரைப் பார்த்தும் நகரவில்லை. எத்தனை கார் ஏமாற்றிவிட்டுப் போயிருக்கும்! நான் இறங்கிப் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்த பிறகுதான், "ஏளா, கறுத்துப் போயிட்டியே" என்றாள். கரி என்று சொன்னால் நம்பவில்லை.

கோவிலில் அண்ணன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கினார்கள். சடை நாடாவோடு கீழே விழுந்தது. தலை முழுவதும் கட்டி. அம்மா அதில் சந்தனம் பூசிக்கொண்டே அழுதாள். பையன் வழவழப்பான தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். அன்று மத்தியானம் அழாமல் தூங்கினான். அவன் அப்படித் தூங்கி நான் பார்த்தே வெகு நாளாகியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் மாமனார் எழுந்து, "கெளம்புங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் டிரம்மைத் திறந்து பார்த்தார். "கரி இல்லையே ஐயா."

"சாக்குல?"

"சாக்கும் காலி."

மாமனார் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். போகிற வழிக்கு மட்டும் கரி கொண்டுவந்தது எப்படி நேர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மூணாம் கிளாஸ் கணக்கு.

"நான் பஸ்ஸுல போறேன்" என்றார் மாமனார்.

"கார் வச்சிருக்கவிய பஸ்ஸுல இடிபட்டுப் போனா ஊரு என்ன பேசும்?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள் மாமியார். "நொடிச்சுப் போயிட்டாவன்னு சொல்லுவான். மண்டிக்குச் சரக்கு தருவானா?"

மனிதர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி வீட்டில், அடுத்தவர் கட்டிலில், எப்போது கிளம்புவோம் என்று தெரியாமல், கம்பிக்கு வெளியே நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

அம்மா வீட்டில் சேர்த்து வைத்திருந்த சிரட்டையை எல்லாம் கொல்லையில் கொண்டுவந்து கொட்டினாள். அக்கம்பக்கத்திலும் வாங்கி வந்தாள். என் வீட்டுக்காரரும் அண்ணனும் கடற்கரை மணலில் குழி வெட்டிக் கரி சுட்டார்கள். முதல் முறை சாம்பல். நான் பக்கத்தில் நின்று எப்போது மூட வேண்டும் என்று சொன்னேன். அடுத்த முறை சரியாக வந்தது. அந்தக் கரியை டிரம்மில் போட்டு, என் வீட்டுக்காரர் என்னையும் அம்மாவையும் மொட்டையையும் ஏற்றிக்கொண்டு மணப்பாடு பக்கம் காற்று வாங்க ஓட்டிப்போனார். அப்பாவைக் கேட்காமல் அவர் ஓட்டிய முதல் ஓட்டம் அது. பாட்டெல்லாம் முணுமுணுத்தார், அவருக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் அன்றைக்கும் கரி போட்டது ஒரு பெற்றவள்தான். ஆனால் சிரட்டையைக் கொட்டும்போது என் அம்மா, எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னும் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி கரி சுட்டு ஊர் திரும்பிய பிறகு, வெள்ளைக்காரன் சண்டை ஓய்கிறவரை எங்கள் கார் குலசைப் பக்கம் நாலு தடவை போயிருக்கும். பிறகு பங்கில் மறுபடியும் பெட்ரோல் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் துக்கம். மாமனார் டிரம்மைக் கழற்றி, வீணாக்க மனமில்லாமல், குளிக்கிற இடத்தில் வெந்நீர்ப் பாய்லராக வைத்துக்கொடுத்தார். சிரட்டையைப் பழையபடி அதற்குக் கீழே வைத்து எரித்தேன். வாசலில் அவருடைய கேள்வி மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.

மகனிடம் இதைத்தான் சொன்னேன். "குடுக்கணும்னு தோணுனா குடு. குடுத்துட்டு வாயை மூடிக்க. வாயை மூட முடியாதுன்னா குடுக்காத."

"நீ சும்மா இரும்மா, ஒனக்கென்ன தெரியும்?" என்றான்.

"இன்னொரு தடவை அந்தக் கேள்வி என் காதுல விழுந்துச்சு, நீ சடை பின்னி நாடா கட்டி வளையலுக்குக் கை நீட்டுன கதையை எழுதிப்புடுவேன்" என்றேன்.

நேற்று மறுபடியும் கேட்டுவிட்டான்.